மேசையில் வைத்துவிட்டுப் போன நீலக் கோப்பு

சென்ற ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் அந்த நேரத்தில் ஒரு நாற்காலி கிடைப்பதே அபூர்வம். எனக்கு ஒரு மேசையே முழுசாகக் கிடைத்தது. இன்றைக்கு என் நேரம் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் இருபது நிமிடம் நீடித்தது.

அப்போது நான் முதுகலை ஆய்வில் இரண்டாம் ஆண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே கட்டுமான வேலை செய்பவர்கள் தங்கள் ஒரே ஓய்வு நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்பது என் தலைப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நடைமுறையில் நான் செய்தது, மூன்று ஞாயிறுகளாக, ஓய்வெடுக்க வந்தவர்களை வழிமறித்து நான்கு பக்கப் படிவத்தை நீட்டியதுதான். "பஸ் வந்துடுச்சு மேடம்" என்று சொல்லி, பஸ்ஸே நுழைய முடியாத சந்துக்குள் நழுவியவர்கள் பலர். மறுநாள் காலை பேராசிரியரிடம் முப்பது படிவங்களைக் காட்ட வேண்டும். சேர்ந்திருந்தது பத்தொன்பது.

ஒவ்வொன்றிலும் பதில் சொன்னவரின் பெயர், தொலைபேசி எண், கையெழுத்து எல்லாம் உண்டு. அவை என் கையை விட்டுப் போகாது என்று பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கொடுத்திருந்தேன்.

இதே ஊரில், சுவா சூ காங் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போனால் அந்த இடம் நம்முடையது, யாரும் தொட மாட்டார்கள் என்பது எனக்கு ஊறிப்போன விஷயம். அன்று டிஷ்யூ எல்லாம் வியர்வை துடைத்தே தீர்ந்துவிட்டது. பைக்குள் கை விட்டேன். எழுதியதும் எழுதாததுமாகப் படிவங்கள் எல்லாம் இருந்த நீலக் கோப்பு அகப்பட்டது. யோசிக்கவே இல்லை. அதை மேசைமேல் வைத்துவிட்டுப் பிரியாணி வரிசையில் போய் நின்றேன்.

திரும்பி வந்தால், மேசையில் வேறு நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோப்பைக் காணோம்.

பிரியாணித் தட்டைப் பிடித்தபடியே ஒவ்வொரு மேசையாக ஓடினேன். பத்தொன்பது பேரின் கையெழுத்தும் கண்ணுக்குள் வந்து நின்றது. என்னை நம்பி எண் கொடுத்தவர்கள். கடைசியில் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு நீளமான மேசையைச் சுற்றி ஒரு கூட்டம். ஊரிலிருந்து வந்த தொழிலாளர்கள் பதினோரு பேர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள், பள்ளித் தேர்வு மாதிரி. கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் என் நீலக் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "டேய், பாத்து எழுதாதீங்கடா" என்று மேற்பார்வை செய்துகொண்டிருந்தார்.

"ஐயோ அண்ணே, அது என் தீசிஸ் லா!"

"உங்களோடதா தங்கச்சி? மேசையில கெடந்துச்சு, ஆளைக் காணோம். 'உங்கள் உதவி தேவை'ன்னு மேலயே போட்டிருந்துச்சு. சரி, செய்வோம்னு…"

"எழுதி முடிச்சதைப் பாத்தீங்களா?"

"அதுல 'ரகசியம்'னு இருக்கே, அதை எப்படிப் பாக்குறது? வெறும் பேப்பரைத்தான் எடுத்தோம்."

நான் காப்பாற்றத் தவறியதை அவர் அக்குளில் வைத்துக் காப்பாற்றியிருந்தார்.

பத்தொன்பதும் பதினொன்றும் முப்பது. கணக்கு அவ்வளவு கச்சிதம். ஆனால் ஆய்வைப் பற்றி நான் விளக்கி, அவர்கள் சம்மதித்து, அதன் பிறகு எழுதினால்தான் படிவம் செல்லும். யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு கணம் மனம் அலைபாய்ந்தது. அந்தக் கோப்பை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தபின் வாய் தானாக உண்மையைச் சொல்லிவிட்டது. இவற்றை நான் பயன்படுத்த முடியாது, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"அப்ப இவ்ளோ நேரம் எழுதுனது வேஸ்டா?" என்று ஒருவர் பேனாவைப் போட்டார்.

கட்டம் போட்ட சட்டைக்காரர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "வேற பேப்பர் இருக்குல்ல? மொதல்லேருந்து கேளுங்க. அதுக்கு முன்னாடி சாப்பிடுங்க, ஆறுது."

பதினோரு பேர் காத்திருக்க, நான் பிரியாணி சாப்பிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாகச் சாப்பிட்டதில்லை. பிறகு அவரவர் எழுதிய தாளை அவரவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, விளக்கம், சம்மதம், கையெழுத்து என்று மறுபடி தொடங்கினேன். இரண்டு பேருக்கு உண்மையிலேயே பஸ் வந்துவிட்டது. ஒன்பது பேர் இருந்தார்கள்.

பதினான்காம் கேள்வி: ஓய்வு நாளில் உங்கள் ஓய்வைக் கெடுப்பது எது? பேனாவைப் போட்டவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இந்த மாதிரி பேப்பர்தான். எழுதிக்குங்க" என்றார். மேசையே குலுங்கச் சிரித்தது. எழுதிக்கொண்டேன்.

திங்களன்று இருபத்தெட்டுப் படிவங்களோடு போய், கோப்பைத் தவறவிட்டதையும் சொன்னேன். பேராசிரியர் இரண்டு பக்க விளக்கம் எழுதச் சொன்னார். நான் எழுதியவற்றில் அவர் ஒரு திருத்தமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது அந்த இரண்டு பக்கம் மட்டும்தான்.

இப்போது என் பையில் எப்போதும் மூன்று டிஷ்யூ பாக்கெட்டுகள் இருக்கின்றன. ஆனாலும் மேசையில் ஒன்றை வைக்கும்போதெல்லாம், வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளை முகம் தெரியாத எனக்காக ஒரே மதியத்தில் இரண்டு முறை எடுத்துக் கொடுத்த அவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.