பெட்டிக்குள்ளிருந்து எழும்புகிறவர்கள்

ஹட்டன் டவுனில் உள்ள அந்தப் பழைய தியேட்டருக்கு ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எல்லோரும் பயப்படத்தான் வந்தார்கள். நான் மட்டும் செத்தவன் எழும்புவதைப் பார்க்கப் போனேன். இதை வெளியே சொன்னால் இந்தப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். பொழுது போகவில்லை, அதனால் போகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

மண்சரிவில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயம் போயிருந்தது. கடைசிக் காம்பராவில் படுத்திருந்த என் தம்பியும் அதோடு போய்விட்டான் என்றார்கள். மற்ற வீட்டு ஆட்களையெல்லாம் தோண்டி எடுத்தார்கள், அவனை மட்டும் எடுக்க முடியவில்லை. கடைசியில் மண் தோண்டும் மெஷினை லொறியில் ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டார்கள். உடம்பு கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை, அவ்வளவுதானே? அதை வைத்து ஒருவன் செத்துப்போனான் என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியை நான் கேட்காத ஆள் இல்லை. அவன் படத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு நுவரெலியா, கண்டி ஆஸ்பத்திரிகளில் வார்டு வார்டாகக் காட்டித் திரிந்தேன். ராகலையில் அவனைப் போல ஒருத்தன் மரக்கறி லொறியில் நின்றான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அங்கேயும் ஓடினேன். நின்றவன் வேறு யாரோ. என்னைப் பார்த்து அவன் பயந்துபோனதுதான் மிச்சம்.

என் பக்கம் நின்ற ஒரே ஆள் அப்பா. அப்படித்தான் நினைத்திருந்தேன். அம்மா முன்னமே இறந்துவிட்டார், மண்சரிவுக்குப் பிறகு றொசல்லவில் மாமா வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒண்டிக்கொண்டிருந்தோம். தோட்டத்தில் சாவு விழுந்தால் தப்பு மேளம் அடிப்பவர் அப்பாதான். எங்கள் பக்கம் சாவுச் செய்தியை வாயால் சொல்லத் தேவையில்லை. அந்த அடி கேட்டால் மலையில் கொழுந்து எடுப்பவர்கள் இறங்கி வருவார்கள், உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். தொடங்கிவிட்டால், உடம்பைக் குழிக்குள் இறக்கி வைக்கும்வரை அடியை நிறுத்தக் கூடாது. மண்சரிவுக்குப் பிறகு கோயிலில் தொங்கிய தப்பை அப்பா தொடவே இல்லை. தோண்டி எடுத்தவர்களுக்குக்கூடப் பக்கத்துத் தோட்டத்து ஆள்தான் வந்து அடித்தது. அப்பா அடிக்கவில்லை என்றால் தம்பி சாகவில்லை. எனக்கு அது போதும்.

தியேட்டர் பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. சினிமாப் பைத்தியம் பிடித்த சில இளைஞர்கள் அதைக் கூட்டித் துடைத்து, சத்தமே இல்லாத காலத்துப் பேய்ப் படங்களைப் போட்டார்கள். பால்கனியில் மழை ஒழுகும். சீட்டுக் கம்பி முதுகில் குத்தும். திரையில் வருகிற இங்கிலீஷ் எழுத்துகளை ஒரு பெண்பிள்ளை மைக்கில் தமிழில் வாசிப்பாள். முகத்தில் மாவு அப்பிய மாதிரி ஒரு பேய் தள்ளாடி வந்தால் பின்வரிசைக்காரர்கள், பாவம், அதற்கு யாராவது ஒரு பிளேன்டீ கொடுங்கள் என்று கேலி பண்ணுவார்கள். ஆனால் சவப்பெட்டி மூடி உள்ளேயிருந்து மெதுவாகத் தூக்கப்படும்போது எல்லோருக்கும் வாய் அடைத்துவிடும், காலைத் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொள்வார்கள். அந்த இடத்தில்தான் எனக்கு மூச்சு வரும். முதலில் விரல்கள், பிறகு கை, பிறகு முகம். எழும்புடா, எழும்பி வாடா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். எனக்கு வெட்கமாக இல்லை. வெட்கப்படுகிற நிலையில் நான் இருக்கவும் இல்லை.

ஒரு ஞாயிறு அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனேன். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பவர் இங்கே திரையையாவது பார்க்கட்டும் என்று நினைத்தேன். படம் முடிந்ததும், சத்தம் இல்லாமல் என்ன பயம் என்று முணுமுணுத்தார். அது அந்த இளைஞர்கள் காதில் விழுந்தது. அந்தக் காலத்தில் திரைக்குக் கீழே ஆட்கள் உட்கார்ந்து வாசிப்பார்களாம், அடுத்த வாரம் நீங்கள் தப்பு அடிக்க முடியுமா என்று கேட்டார்கள். அப்பா மாட்டேன் என்பார் என்றுதான் இருந்தேன். அவர் வெறும் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"பொய்ச் சாவுதானே. அடிக்கலாம்."

எனக்குச் சந்தோஷம்தான். அந்தக் கை அசைந்தால் போதும் என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு தியேட்டருக்குப் பின்னால் பழைய பேப்பரைக் கொளுத்தித் தப்பின் தோலைக் காய்ச்சி எடுத்தார். அப்பா அடிக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு எங்கள் லயத்து ஆட்களும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். படத்தில் பேய் படியேறும்போது அப்பா காமன் கூத்தில் ஆட வைக்கும் அடியைப் போட்டார். தியேட்டரே விசிலடித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு எனக்கு மறந்துபோகவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு திரையில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கறுத்த தொப்பி போட்ட ஆட்கள், காலியான தெரு. அப்பாவின் கை கொஞ்சம் தயங்கியது. அதற்குப் பிறகு அந்தச் சாவு அடி விழுந்தது.

எங்கள் லயத்து ஆட்கள் எழுந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். மைக்கில் வாசித்தவள் நிறுத்திவிட்டாள். மருமகளை மண்ணுக்குக் கொடுத்த பக்கத்துக் காம்பராப் பெரியம்மா முன்வரிசையில் இருந்தார். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, திரைக்கு முதுகைக் காட்டி என் பக்கம் திரும்பினார்.

"உக்காருங்க. இது வெறும் படம்" என்றேன்.

யாரும் உட்காரவில்லை. பெரியம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார். மற்றப் பெண்களும் சுற்றி வந்துவிட்டார்கள். நான் அவர்கள் கைகளைத் தட்டித் தட்டி விட்டேன். அவர்களுடைய தலைக்கு மேலே, திரையில், பெட்டி மூடி தூக்கப்பட்டது. நான் வாராவாரம் கேட்டது போலவே செத்தவன் எழுந்து நின்றான். அவனை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ராகலையில் லொறியில் நின்றவனைப் போல, அவனும் வேறு யாரோ.

படம் முடிந்து திரை வெள்ளையாகிவிட்டது. அப்பா நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தார். படத்தைப் போட்ட இளைஞர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் என்னையே பார்த்தார்கள். நான் பெண்களை விலக்கிக்கொண்டு கீழே போய் அப்பாவின் முன்னால் மண்டி போட்டேன்.

"போதும், நிப்பாட்டுங்கப்பா."

அவர் கண்ணைத் திறக்கவில்லை, கை ஓயவும் இல்லை.

"எறக்கி வைக்காம எப்பிடிம்மா நிப்பாட்டுறது?"

அவரிடம் கத்த வேண்டும் போல இருந்தது. என் பக்கம் இருந்தீர்களே என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை, துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. அடித்து அடித்து விரல் மூட்டுத் தோல் உரிந்திருந்தது. நான் தம்பியை விடும்வரை அவர் விடிய விடிய அடித்துக்கொண்டிருப்பார் என்று எனக்குப் புரிந்தது.

பைக்குள் கையை விட்டுத் தம்பியின் படத்தை எடுத்தேன். எத்தனையோ பேருக்கு நீட்டி நீட்டி உறையின் ஓரம் மங்கியிருந்தது. அதை அப்பாவின் காலடியில், சிமெந்துத் தரையில், முகம் மேலே பார்க்க இறக்கி வைத்தேன்.

அப்பாவின் கை நின்றது.