கடைசிக் கிளி எழும்பும்வரை

கிளி பார்க்க வருகிறவர்களுக்கு நெமேசியோ என்றால் உயிர். எனக்கு அவன் அக்கா புருஷன். இருபது வருஷம் ஒரே படகில் போய்வந்தவன் நான், அவனைத் திட்ட எனக்கு உரிமை உண்டு.

தம்போபாத்தா ஆற்றங்கரையில் உள்ள செம்மண் சுவரை விடுதிக்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்ததே அவன்தான். விடிந்ததும் பஞ்சவர்ணக்கிளிகள் மரத்தில் வந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசிக்கும். ஒன்று இறங்கினால் எல்லாம் இறங்கி மண்ணைக் கொத்தித் தின்னும். ஒருத்தன் தும்மினால் போச்சு, அன்றைக்கு அவ்வளவுதான். அதனால் நெமேசியோ சட்டம் போட்டான்: கடைசிக் கிளி எழும்பும்வரை யாரும் பேசக்கூடாது, படகு மோட்டாரைக் கிளப்பும் கயிற்றைத் தொடக்கூடாது. ஒரு பெரிய அதிகாரியையே "வாயை மூடுங்க ஐயா" என்று அடக்கியவன் அவன்.

அந்த மார்ச் மாதம் மூன்று நாள் அடைமழை. மழையில் கிளி இறங்காது. நாலாம் நாள் வெயில் வந்தது, மண்ணே தெரியாத அளவுக்குக் கிளி. கரையோர ஓலை மறைப்புக்குள் பதினொரு பேர், மதியமே ஊர் திரும்ப வேண்டியவர்கள். நான் பக்கத்தில் மோட்டார் படகில் இருந்தேன். அப்போது நெமேசியோவின் மகள் எடெல்மிராவின் புருஷன் வெனான்சியோ சின்னத் தோணியில் துடுப்புப் போட்டு வந்தான். நெமேசியோ மறைப்பிலிருந்து தலையை நீட்டினான்.

"மாமா, எடெல்மிராவுக்கு நேத்து சாயங்காலம் புடிச்ச வலி. புள்ள குறுக்க கெடக்குதாம். மோட்டார் படகுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்னு அத்தை சொல்றாங்க." அவ்வளவையும் கிசுகிசுத்தான், பாவி.

நெமேசியோ சுவரைப் பார்த்தான். "அரை மணி நேரம் பொறுடா. இதுங்க எழும்பட்டும். அவளுக்கு இது மூணாவது, ஒண்ணும் ஆகாது."

"மச்சான், போயிடலாம்" என்றேன். நானும் கிசுகிசுத்தேன்.

"உஷ்!"

அன்றைக்கென்று பார்த்துக் கிளிகள் எழும்பவே இல்லை. மூன்று நாள் ஏக்கம் அதுகளுக்கு. ஒன்றேகால் மணி நேரம்! வெனான்சியோ முழங்காலில் முகத்தைப் புதைத்துச் சத்தம் வராமல் அழுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் எடெல்மிராவின் உயிர் படகிலேயே போய்விட்டது. நகரத்துப் படகுத்துறை கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. பிள்ளையும் தங்கவில்லை. என் அக்கா அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேரிடமும் பேசுவதில்லை.

அன்றைக்கு எடுத்த கிளிப் படத்தை விடுதியின் சாப்பாட்டு அறையில் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். நாசமாய்ப் போக, நல்ல படம்தான்.

இப்போது நெமேசியோ தினமும் விடியலில் தனியாகத் தோணியில் போய், சுவருக்கு அடியில் நின்று அலுமினியச் சட்டியைக் கரண்டியால் அடிக்கிறான். ஒரு கிளிகூட இறங்குவதில்லை. வேலையை விட்டு எப்போதோ நிறுத்திவிட்டார்கள். புது வழிகாட்டி என்னிடம் வந்து கத்தினான்: "உங்க மச்சானுக்குக் கிறுக்கு புடிச்சிருச்சு. நீங்களாவது போய்த் தடுக்கக்கூடாதா?"

எந்த முகத்தோடு தடுப்பது? சட்டம் அவனுடையது, சரி. மோட்டார் கயிறு என் கையில் அல்லவா இருந்தது! ஒரு இழுப்பு இழுத்திருந்தால் போதும்.

நேற்று அவன் சட்டி ஓட்டையாகிவிட்டது. என் வீட்டுச் சட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.