இரண்டு விரலால் கதவு சாத்துகிறவர்

என் அப்பா ஓட்மார் ஷாய்ஃபலே, ஸிண்டல்ஃபிங்கன் பென்ஸ் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடமாகக் கார்க் கதவு மாட்டுகிறார். மாட்டிய கதவை இரண்டு விரலால் தள்ளிச் சாத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். 'தொப்'பென்று விழுந்தால் கார் நகரும். லேசாக 'டங்'கென்றாலும் நகராது. வீட்டில் அலமாரியைக்கூட அப்படித்தான் சாத்துவார்.

எங்கள் ஊரில் தொழிலாளிகளும் பென்ஸில்தான் போவார்கள். ஆலை, ஊழியருக்குச் சலுகை விலையில் புதுக் கார் கொடுக்கும். ஒரு வருடம் வைத்திருந்து விற்றுவிட்டு, அடுத்ததற்கு எழுதிப் போடலாம். அதனால் தெருவில் நிற்பதெல்லாம் ஒரு வயது ஆகாத கார்கள். யாரும் எதிலும் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. அப்பா அப்படி இருபத்திரண்டு கார்களை விற்றவர். ஒன்றில்கூட இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. கோடையில் தொடை ஒட்டிக்கொள்ளும்.

"இது நம்ம காரு இல்ல. அடுத்து வாங்கப்போறவரோடது. நாம சும்மா பாத்துக்கறோம்" என்பார்.

ஆலையைப் பார்க்க வருகிறவர்கள் சிக்கினால் கம்பெனியின் சரித்திரமும் சொல்வார். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டில், கார் கண்டுபிடித்தவரின் மனைவி, தூங்குகிற கணவனிடம் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு ப்ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்த தாய்வீட்டுக்கு ஓட்டிப்போன கதை. எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பி ஊசியால் குத்தி எடுத்தாள் என்ற இடத்தில் அப்பாவின் கண் கலங்கும். "என்னா துணிச்சல் பாருங்க!"

டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் நானும் அந்தச் சரித்திரத்தைத்தான் ஆய்வுக் கட்டுரையாக எழுதிக்கொண்டிருந்தேன். அறுபது பக்கத்தில் கதவு மாட்டுகிறவர் ஒருவரும் இல்லை. பேராசிரியர் ஏனென்று கேட்கவில்லை. நான் ஏன் கேட்டுக்கொள்ளவில்லை என்பது இன்றும் புரியவில்லை.

அந்தத் தாய்வீட்டுப் பயணத்துக்கு நூறு வயதான ஆகஸ்டில், இருபத்து மூன்றாவது காரைப் பார்க்க உல்மிலிருந்து பல் மருத்துவர் ஒருவர் சனிக்கிழமை வருவதாக இருந்தது. வியாழக்கிழமை காலை அப்பா வேலைக்குப் போனதும் அம்மா எல்ஃப்ரீடே சாவியை எடுத்தாள். பிளாஸ்டிக் உறைகளைப் பரபரவென்று கிழித்தாள்.

"ஏறுடி. பெரியம்மாவப் பாக்க ப்ஃபோர்ட்ஸ்ஹைம் போறோம்."

"அப்பாகிட்ட?"

"தூங்கறவன எழுப்பக் கூடாது."

"அவரு வேலைக்கில்ல போயிருக்காரு!"

"அதுவும் ஒரு தூக்கந்தான்."

போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது அம்மா பிரேக் போட்டாள். பெரியம்மா கட்டிக்கொடுத்த ப்ளம் கேக் என் மடியிலிருந்து நழுவி, நான் உட்கார்ந்திருந்த முன் இருக்கையில் கவிழ்ந்தது.

அப்பா கறையைப் பார்த்தார். இரண்டு நாள் தேய்த்தார். ஊதா நிறம் போகவில்லை.

"ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"உன் கதையில அவ கேட்டாளா? நீதானேய்யா ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிக் கண்ணத் தொடச்சிக்கற."

அப்பா துணியை நனைத்துக்கொண்டு மறுபடி காருக்குப் போனார்.

சனிக்கிழமை பல் மருத்துவர் வந்து காரில் ஏறி உட்கார்ந்தார். கறையைக் காட்டி, "இது என்னங்க?" என்றார்.

"ப்ளம் கேக். என் பொண்டாட்டி."

விலையைக் கொஞ்சம் குறைத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அப்பா தலையாட்டினார். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். மருத்துவர் இறங்கி, காரின் காகிதங்களைக் கையில் வாங்கிக்கொண்டு, கதவை முழங்காலால் ஓர் இடி இடித்துச் சாத்தினார்.

'டங்.'

அப்பா கண்ணை மூடினார். பிறகு காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க. இது விக்கறதுக்கு இல்ல."

"என்னங்க இது, இப்பத்தானே சரின்னீங்க?"

"சொந்தக்காரர் மனசு மாறிட்டாரு."

"யாரு சொந்தக்காரர்?"

"நான்தான்" என்றார் அப்பா. அவருக்கே அது புதுச் செய்தி போல இருந்தது.

மருத்துவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அம்மா கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். அப்பா சாவியை அவளிடம் நீட்டிவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு விரலால் கதவைச் சாத்தினார்.

"அந்தக் கேக்குல ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

"நீ உக்காந்திருக்கறதே அது மேலதான்" என்றாள் அம்மா.