பச்சையும் நீலப்பச்சையும்

பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு ராஜ்யங்களுக்கு என்னென்ன நிறம் பூச வேண்டும்? நான்கு நாட்களாக யோசிக்கிறேன். இன்னும் தெரியவில்லை.

என் மகள் வசந்தா ஆந்திராப் பக்கம் எங்கள் புத்தூரில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். புதிய எல்லையோடு ஆந்திரா, சென்னை ராஜ்யங்களின் படம் வரைந்து வரச் சொன்னார் டீச்சர். நன்றாக இருப்பதை இன்ஸ்பெக்டர் வரும்போது சுவரில் மாட்டுவார்களாம். குழந்தை இரண்டு நாள் உட்கார்ந்து கோடு போட்டாள். ஆந்திராவுக்குச் சிவப்பு, சென்னைக்குப் பச்சை என்று கலர் பெட்டியைத் திறந்தாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ட்ரெயினிங் ஸ்கூல் தையல் வகுப்பில் படித்த பாடம் அப்படி – நிற வட்டத்தில் அடுத்தடுத்து இருப்பவற்றைச் சேர்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. எதிரெதிரே இருப்பவை சண்டை போடும். பாவாடையில் பூ போடும்போது இன்றும் எனக்கு அதுதான் சட்டம்.

"சிவப்பு வெச்சாத்தாம்மா தனியாத் தெரியும்" என்றாள் வசந்தா.

"கண்ணை உறுத்தும்டி. கொடு இப்படி" என்று பிரஷ்ஷை வாங்கினேன்.

சென்னைக்குப் பச்சை, ஆந்திராவுக்கு நீலப்பச்சை, கடலுக்கு நீலம். ஈரத்தில் ஓரங்கள் ஒன்றோடொன்று கலந்தன. அழகாகத்தான் இருந்தது... என் தாய்வீடு திருத்தணி. சமீபம் வரை புத்தூருக்கும் அதற்கும் ஒரே ஜில்லா; இப்போது அது சென்னை ராஜ்யம். அதனால்தானோ என்னவோ, அந்தக் கலங்கலை நான் துடைக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் டீச்சர் படத்தைத் தூக்கிக் காட்டினாராம். "எல்லை எக்கடம்மா, எங்கே இருக்குது? எல்லாம் ஒண்ணாக் கிடக்குது. யாரு பூசினது இது?"

"நான்தான் டீச்சர்" என்றிருக்கிறாள் என் பெண். வகுப்பே சிரித்ததாம். படம் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது.

"அது பாட்டுக்குப் போட்டுக்கினு இருந்துச்சு. நீ இன்னாத்துக்குக் கை வெச்ச?" என்றார் என் கணவர். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே குழந்தைகள் கையிலிருந்து நாம் பிடுங்கிக்கொள்வது எத்தனை?

டீச்சரிடம் உண்மையைச் சொல்லப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். வசந்தா கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்மா. நான் பொய் சொன்னேன்னு ஆயிடும்."

உட்கார்ந்துவிட்டேன். சொன்னால் அவள் பொய்க்காரி. சொல்லாவிட்டால், எல்லைகூடப் போடத் தெரியாத பெண்.

இன்ஸ்பெக்டர் வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நான் போய்ச் சொல்லட்டுமா, வாயை மூடிக்கொண்டு இருக்கட்டுமா? பிள்ளை வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் ஒரு கார்டு எழுதிப் போடுங்கள் – வசந்தாவுக்குக் கூட்டெழுத்து வாசிக்க வராது, அவள் கையில் கிடைத்தாலும் புரியாதபடி அதிலேயே எழுதுங்கள்.