கடைசி ஆள் வரும்வரை

இன்று காலை லிந்துலையிலிருந்து தோட்டத்தின் மேல் டிவிஷன் உச்சிக்கு மூன்று பேரும் சைக்கிளில் ஏறினோம். ஜனவரி வந்தால் வழக்கமாகப் போகிற சவாரிதான். தேயிலைச் செடிகளின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. ஹேண்டில் பிடித்த விரல்கள் என் விரல்களாகவே தெரியவில்லை.

உச்சியில் நான்கு பியர் போத்தல்களையும் புல்லில் வரிசையாக வைத்தோம். கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் மூடியைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். கடைசி ஆள் எப்போதும் ஜெகன்தான். வளைவுக்கு வளைவு இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவான்.

உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம்.

அந்த வழியாக வந்த தோட்டத்து வாச்சர் நின்றார். "என்னாங்க தம்பி, இந்தக் குளிருல சும்மா குந்திக்கிட்டு இருக்கீங்க?"

"இன்னும் ஒருத்தன் வரணும்ணே. பின்னால வந்துக்கிட்டு இருக்கான்," என்றான் முரளி.

அவர் கீழே எட்டிப் பார்த்தார். "ரோட்டுல யாரையும் காணோமே."

நாங்களும் எட்டிப் பார்த்தோம்.

நவம்பரில் ஜெகனைக் குழியில் இறக்கியவர்களும் நாங்கள் மூன்று பேர்தான். அன்றும் அழுகை வரவில்லை. இன்றும் வரவில்லை.

போத்தல்கள் நான்கும் திறக்காமல் இப்போது என் மேசை மேல் இருக்கின்றன. இன்று கடைசியாக ஏறி வந்தது நான்தான். அதை ஒருவரும் கவனிக்கவில்லை, நான்கூட.

அடுத்த ஜனவரிக்கு மெதுவாக மிதிக்கத் தெரிந்த ஒருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள்.