இறக்கையில் வைத்த பொட்டு

சக்கரம் வைத்த எதைப் பார்த்தாலும் என் வீட்டுக்காரர் சொக்கிப்போய் நிற்பார். பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், வேறு எப்படி இருப்பார். போன வருஷம் ஸ்ரீரங்கத்தில் பழைய வீடொன்றைக் காலி செய்தவர்களிடமிருந்து இரண்டு படங்களை வாங்கி வந்தார். ஒன்றில் கூரையில்லாத ஆதிகாலத்துக் கார். மற்றதில் கட்டையும் துணியுமாக ஒரு விமானம். அதை ஓட்டுகிறவன் கழுத்துத் துண்டு பறக்க வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தான். அச்சடித்த படத்துக்குக் கையாலேயே வர்ணம் தீட்டியிருக்கிறார்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். கொடுத்த காபி ஆறிப்போகும்.

நான் அந்த விமானப் படத்தின் பக்கமே திரும்பமாட்டேன். சிங்கப்பூரில் மகளுக்குப் பேறுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதலில் நான் மட்டும் போவது, குழந்தை பிறந்ததும் இவர் வருவது என்று ஏற்பாடு. அதுவரை நான் விமானத்தில் ஏறியதே இல்லை. திருச்சியில் எங்கள் கே.கே. நகர் வீட்டுக்கு மேலே விமானம் தாழப் போகும்போதெல்லாம், காயப்போட எடுத்த துணியைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து பார்ப்பேன். பயம் என்று வாய்விட்டுச் சொன்னால் மகள் தவித்துப்போவாள். இவரோ கேலி செய்தே உயிரை எடுப்பார்.

பயணத்துக்கு முந்தின வாரம் ஆயுத பூஜை வந்தது. ஸ்கூட்டர், மிக்ஸி, அரிவாள்மனை, இவருடைய ஸ்பானர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். கூடத்து மேஜையில் அந்தப் படங்கள் கிடந்தன. அன்றைக்கு வண்டி என்று எதையும் விடக்கூடாதே. காரின் முன்பக்கத்தில் ஒரு பொட்டு, விமானத்தின் ஒரு இறக்கையில் ஒரு பொட்டு. துடைப்பதற்காக இவர் படங்களின் சட்டத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்ததை அவசரத்தில் நான் எங்கே கவனித்தேன்? சந்தனம் தாளில் ஊறிவிட்டது.

வந்து பார்த்தவர் முகம் செத்துப்போயிற்று. "கையால வர்ணம் தீட்டுன படம்டி. சாமி படமா இது, பொட்டு வைக்க?"

"வண்டிக்குத்தானே வச்சேன்" என்றேன். எனக்கும் கோபம் வந்துவிட்டது, கூடவே அழுகையும். "நான் ஏறப்போற பிளேனுக்குப் பொட்டு வைக்க என்னை யாரு கிட்ட விடுவா? இதுக்காவது வைப்போம்னு வச்சேன். பயமா இருக்குங்க."

அவர் கேலி செய்யவில்லை. ஈரத்துணியை எடுத்தார். பொட்டைத் துடைக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். தன் கையை மட்டும் துடைத்துக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு றெக்கைக்கு மட்டும் வச்சிருக்க. அந்தப் பக்கத்துக்கும் வை."