துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

துப்பாக்கி விற்பவன் தைரியசாலி என்று நினைப்பவர்கள், துப்பாக்கி வாங்க வருபவர்களைப் பார்த்ததில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மலாக்கா தெங்கேராவில், பெயின்ட், இரும்புச் சாமான்களோடு துப்பாக்கியும் விற்கும் ஒரு சீன முதலாளியின், அதாவது தவுக்கேயின், கடையில் நான் விற்பனையாளனாக இருந்தேன். என்னுடைய ஒரே குறிக்கோள், மாலையில் பாச்சாங்கில் இருந்த வீட்டுக்கு முழு உடம்போடு போய்ச் சேருவதுதான்.

தூணும் நானும்

கடையின் பின்னால் கடலைப் பார்த்தபடி நீளமான முற்றம். அதன் கோடியில் மணல் மூட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் வட்டம் போட்ட தாளைக் குத்தியிருப்போம். வாங்குபவர் சுட்டுப் பார்த்துத்தான் வாங்குவார். "தாளில் ஓட்டை முன்னாடியே இருந்தது" என்று யாரோ சண்டை போட்டதிலிருந்து தவுக்கே ஒரு வழக்கம் கொண்டுவந்தார். விற்பவன் தாளுக்குப் பக்கத்தில், ஒரு செங்கல் தூணுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு வேட்டுக்கும் "மேலே", "கீழே" என்று கத்த வேண்டும்.

சுடத் தெரியாதவர்களும் வாங்க வருவார்களே என்று நான் இழுத்தேன். தவுக்கே தமக்குத் தெரிந்த தமிழில் அதற்குப் பதில் சொன்னார்: "தூண் பெரிசு, நீ சின்னது. என்ன பயம் லா?"

காலித் துப்பாக்கி

அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து சதாசிவம் என்ற பெரிய கிராணி, அதாவது தோட்டத்துத் தலைமைக் கணக்கர், வந்தார். துரைமார் கிளப்பில் நடக்கும் குறிசுடும் போட்டிக்கு அவரையும் வரச் சொல்லியிருந்தார்களாம். லைசென்ஸுக்குத் துரையே சிபாரிசு. "நம்மாளு ஒருத்தன் அங்க போயி நிக்கிறது இதான் மொத தடவ, தம்பி. வெல கம்மியா இருக்கணும், குறி தப்பவே கூடாது" என்றார்.

சின்னத் தோட்டா போடும் இருபத்திரண்டு ரகத்தில் மூன்றை எடுத்து வைத்தேன். மனிதர் ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடி, குறி பார்த்தார். குறி என் நெஞ்சு. நான் இடப்பக்கம் நகர்ந்தால் குழலும் இடப்பக்கம் வந்தது. கடைசியில் பெயின்ட் டின்களுக்குப் பின்னால் குனிந்துவிட்டேன். அவருக்கு ஒரே ஆச்சரியம்: "காலித் துப்பாக்கிக்கே இப்படி ஒளியுறீங்களே தம்பி, நீங்க எப்படி இத விக்கிறீங்க?"

மொட்டை ரகம்

மூன்றையும் சுட்டுப் பார்த்தோம். முதலாவது, கண்ணாடிபோல மெருகேற்றிய கட்டையும் பூவேலையும் உள்ளது. அவர் ஆசையெல்லாம் அதன்மேல்தான். அதைச் சுட்டதில் தூணின் ஓரம் உடைந்து செங்கல் தூள் என் காதில் விழுந்தது. காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் என்னால் கத்தவே முடிந்தது. இரண்டாவதன் விசை இரும்பாக இருந்தது. அவர் பல்லைக் கடித்து இழுக்க, தோட்டா மூட்டையின் அடியில் புதைந்தது.

மூன்றாவது, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும் மொட்டை ரகம். விலை குறைவு, அழகு கிடையாது. ஆனால் குழல் கனம், விசை லேசு. சுட்ட மூன்றும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கின. எனக்கு அந்தத் துப்பாக்கியைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கிராணி மட்டும் முகத்தைச் சுளித்தார்: "பாக்க ஒட்டடக் கம்பு மாதிரி இருக்கு. சரி, கட்டுங்க."

பூஜைக்குப் பிறகு

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் கிராணி மறுபடியும் வந்தார். அடுத்த நாள் போட்டி. பூஜையில் வைத்த துப்பாக்கியின் முதல் வேட்டை, வாங்கின இடத்திலேயே சுட வேண்டும் என்று அவர் மனைவி சொல்லி அனுப்பியிருந்தார். கட்டையைச் சுற்றி வாடிய சாமந்திச் சரம். தலையெழுத்து என்று நான் தூணுக்குப் போனேன்.

பயந்தவனின் பார்வை குழல் வாயை விட்டு நகராது. கடைசி நொடி வரை அதைப் பார்த்துவிட்டுத்தான் தலையை இழுத்துக்கொள்வேன். அன்று பார்த்தபோது கறுப்பு ஓட்டையைக் காணோம். அந்த இடத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொட்டு. குழல் அடைத்திருக்கும்போது சுட்டால் அது அவர் முகத்திலேயே வெடிக்கலாம். கையை விரித்துக்கொண்டு குழலுக்கு நேரே ஓடினேன்.

"தள்ளுங்க தம்பி, விரல் விசையில இருக்கு!"

"விரல எடுத்துடுங்க ஐயா, கும்பிடுறேன்!"

எடுத்தார். தோட்டாவை வெளியே தள்ளி, பின்பக்கத்திலிருந்து குழலைக் கடல் வெளிச்சத்துக்குக் காட்டினேன். ஒரே இருட்டு. அவர் மனைவி பக்தியோடு கட்டை விரலால் அழுத்தி வைத்த சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்துவிட்டிருந்தது. குழல் துடைக்கும் கம்பியை எடுத்தேன். கிராணி என் கையைப் பிடித்துக்கொண்டார். பூஜையில் வைத்த பொட்டை அழிப்பது அபசகுனமாம். நான் கேட்கவில்லை. பின்பக்கமாகக் கம்பியை விட்டுக் குத்தினேன். சந்தனம் கட்டியாக வந்து கீழே விழுந்தது.

கிராணி அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "இந்தப் பொட்ட அழிக்காம விட்டிருந்தா, எங்க வீட்டுப் பொட்டுல்ல தம்பி அழிஞ்சிருக்கும்!"

அடுத்த வாடிக்கையாளர் வந்ததும் நான் பழையபடி தூணுக்குப் பின்னால் போய்விட்டேன், ஏனென்றால் என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு ஆயுளுக்கு ஒரு தடவை தைரியம் வந்தால் போதும்.